பெரிய காரில் என் பக்கம்

எங்கள் வளவில் இரண்டு கார் நின்றது. ஒன்று பெரியது, மற்றது சின்னது. பெரியது என் வீட்டுக்காரருடையது. சின்னது மகளுடையது. மகள் புத்தளத்தில் டீச்சர், மருமகன் கட்டாரில் வேலை. இரண்டு காரிலும் நான் ஏறியிருக்கிறேன், இரண்டையும் கழுவியிருக்கிறேன், இரண்டிலும் கோழி ஏறாமல் விரட்டியிருக்கிறேன். ஆகையால் எது நல்ல கார் என்று கேட்டால் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

பெரிய கார் அமெரிக்காவில் செய்தது. மாதம்பைப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒரு துரையின் மகன் ஆசைப்பட்டுக் கப்பலில் இறக்கியது. அவர் நாட்டைவிட்டுப் போகும்போது எங்கள் வீட்டுக்காரர் வாங்கினார். அந்த வருஷம் எங்கள் வள்ளங்களுக்குக் கடல் இறாலை அள்ளிக் கொடுத்தது. மற்ற முதலாளிமார் அந்தக் காசில் வீட்டுக்கு மேல்மாடி கட்டினார்கள். இவர் சில்லு பூட்டிய மேல்மாடி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

சிவப்பு நிறம். நடுவால் இரண்டு கறுப்புக் கோடு. கதவு இரண்டே இரண்டுதான், ஆனால் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு முன்கதவைவிடக் கனம். பொனட்டின் நீளத்துக்கு ஒரு பாய் விரிக்கலாம். நான் விரித்து மிளகாய் காயப்போட்டிருக்கிறேன். அதற்குள்ளே எட்டுச் சிலிண்டர். மற்றக் கார்களுக்கு நாலு இருந்தாலே பெரிது என்று மெக்கானிக் சொன்னார். எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டியில் அதை முடுக்கினால் தலவிலச் சந்தியில் நிற்கிறவர்கள் "முதலாளி வெளிக்கிட்டுட்டார்" என்று சொல்லுவார்களாம். எனக்கு அதில் சந்தோசம். புருஷன் எங்கே போகிறார் என்று ஊருக்கே தெரிந்தால் பெண்சாதிக்கு நிம்மதிதானே.

சின்னக் கார் ஜப்பானில் செய்தது. வெள்ளை நிறம். பேக்கரியில் வாங்கின ஓர் இறாத்தல் பாணுக்குச் சில்லு பூட்டியது போல இருக்கும். அதற்குச் சாவி போடும் ஓட்டை கிடையாது. பொத்தானை அழுத்தினால் குளிர்பெட்டி மாதிரி மெல்ல முனகும், அவ்வளவுதான். முதல்நாள் மகள் என்னை ஏற்றிக்கொண்டு பாலாவிச் சந்திக்குப் போனாள். பஸ்ஸுக்கு வழிவிட்டு நிறுத்தினாள். உடனே காரின் சத்தம் முழுவதும் அடங்கிப்போனது.

"இன்னா லில்லாஹி" என்றேன் நான்.

"என்ன உம்மா, ஆரு மௌத்து?"

"கார்தான் மகள். உசிர் போயிட்டுது."

"கார் நிண்டா எஞ்சின் தானா நிக்கும் உம்மா. காலை எடுத்தா திரும்பி ஓடும். பெற்றோல் மிச்சம் புடிக்கிற."

அவள் காலை எடுத்தாள், கார் எழும்பி ஓடியது. ஒவ்வொரு சந்தியிலும் செத்துச் செத்துப் பிழைக்கிற காரை நான் அன்றுதான் கண்டேன்.

நியாயமாகப் பேசவேண்டும். சின்னக் காரில் நல்லதும் உண்டு. ஏசி போட்டால் சித்திரை வெயிலிலும் கடப்பாசி இனிப்பு பாத்திரத்தில் கட்டி குலையாமல் புத்தளம் போய்ச் சேரும். பெரிய காரில் ஜன்னலைத் திறந்தால் காற்று, மூடினால் அடுப்பு. இன்னொன்று பெற்றோல். பெற்றோலுக்குப் பங்கு வைத்துக் கொடுத்த காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்களுக்குக் கிடைத்த பங்கில் பெரிய கார் பெற்றோல் செட்டுக்குப் போகும், நிரப்பும், வீட்டுக்குத் திரும்பி வரும். அதோடு பங்கு முடிந்துவிடும். மகளின் கார் அதே பங்கில் பள்ளிக்கூடம் போய், சந்தைக்குப் போய், சும்மா சுற்றிக் காட்டவும் போனது. வீட்டுக்காரர் அந்த நாட்களில் பெரிய காருக்குள் போய் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரேடியோ கேட்பார்.

ஆனால் பெரிய காரில் ஒரு விசேஷம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். அமெரிக்காக்காரன் ரோட்டின் வலதுபக்கம் ஓடுகிறவன். அதனால் அந்தக் காரின் ஸ்டியரிங் இடதுபக்கம் இருந்தது. நம் நாட்டில் எல்லாக் காரிலும் எந்தப் பக்கம் ட்ரைவர் இருப்பாரோ, அந்தப் பக்கத்தில் எங்கள் காரில் நான் இருந்தேன்.

இது சின்ன விஷயம் இல்லை. நம் ரோட்டில் ஒரு லொறிக்குப் பின்னால் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்திப் போகவேண்டும் என்றால் எதிரில் என்ன வருகிறது என்று பார்க்கவேண்டும். இவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் லொறியின் பின்பலகையும் ஓரத்து வேலியும்தான் தெரியும். நடு ரோடு தெரிகிற ஆள் நான். நான் "போங்க" என்றால் போவார். "இரிங்க" என்றால் இருப்பார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் எந்த விஷயத்திலும் என் பேச்சைக் கேட்டவர் இல்லை. காருக்குள் ஏறினால் மட்டும் என் வாயைப் பார்த்துத்தான் எல்லாம்.

நான் அந்த வேலையைக் கவனமாகப் பழகினேன். லொறி பெரிதாக இருந்தால் அதன் அடிவயிற்றுக்குக் கீழால் பார்க்கவேண்டும். எதிரில் வருகிற சில்லு தெரியும். வெயில் பக்கவாட்டில் விழுகிற நேரமாக இருந்தால் நிழலைப் பார்க்கவேண்டும். நடு ரோட்டில் காகம் ஆறுதலாக எதையாவது கொத்திக்கொண்டு நின்றால் போகலாம். காகம் எழும்பினால் இருக்கவேண்டும். இப்படி நாற்பது வருஷம். நான் சொல்லி ஒருநாளும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

இதனால் எனக்கு வேறொரு பெயரும் கிடைத்தது. தூரத்தில் பார்க்கிறவர்களுக்கு நான்தான் ஓட்டுவது போலத் தெரியும். முக்காடு போட்ட பெண் ஒருத்தி அவ்வளவு பெரிய காரை, கையைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் போகிறாள் என்று ஊரில் கதை வந்தது. ஒருமுறை பாலாவியில் பொலிஸ்காரர் மறித்தார். நேரே என் ஜன்னலுக்கு வந்து, "லைசன் எக்க பென்னன்ன, அம்மே" என்றார். லைசனைக் காட்டச் சொல்லுகிறார். நான் என் மடியில் இருந்த கருவாட்டுப் பார்சலைக் காட்டினேன். அவர் குனிந்து உள்ளே பார்த்தார். எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "எயா தமய்", அவர்தான் என்று நான் இடதுபக்கம் கையைக் காட்டியபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

இப்படி இருந்த காலத்தில் இவருடைய கண்ணில் புரை வளர்ந்தது. புத்தளம் ஆஸ்பத்திரியில் டொக்டர், ஒபரேஷன் செய்தாலும் பார்வை முழுதாகத் திரும்பாது, இனிக் கார் ஓட்டவே கூடாது என்றார்.

"கண் எதுக்கு?" என்றேன் நான் வீட்டுக்கு வந்து. "ரோட்டைப் பாக்குற ஆள் நான்தானே. அவர் சும்மா ஓட்டட்டும்."

மகள் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டாள். "உம்மா, நீங்க சொல்றது உங்களுக்கே கேக்குதா? வாப்பாக்கு வாசல் மாமரம் ரெண்டாத் தெரியிது."

"ரெண்டுக்கும் நடுவால ஓட்டலாமே."

இவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. கொழும்பில் பழைய கார் சேர்க்கிற ஒருவரோடு தான் ஏற்கெனவே கதைத்துவிட்டதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவாராம். இனி ஓட்டவும் ஆள் இல்லை, உப்புக்காற்று இரும்பையும் தின்றுவிடும், இருக்கும்போதே கொடுப்போம் என்றாள். நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். இவர் கோப்பையைப் பார்த்தார்.

"அந்தாள் வந்து ஓட்டிப் பாக்கட்டும்" என்றார் கடைசியில். "நல்லா ஓடினா எடுத்துட்டுப் போகட்டும். ஓடாட்டி இஞ்சயே கிடக்கட்டும்."

பெரிய கார் போனால் என்ன போகும் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சின்னக் காரில் மகள் என்னைப் பின்சீட்டில் ஏற்றி, குழந்தையைக் கட்டுவது போல வாரால் கட்டி, ஏசிக்காற்றை என் பக்கம் திருப்பிவிடுவாள். வழி சொல்லவும் அதற்குள்ளே ஒரு பொம்பிளைக் குரல் இருக்கிறது. அதுவும் வலப்பக்கம் இடப்பக்கம் என்று இங்கிலீஷில் சொல்லுகிறது. அங்கே எனக்கு என்ன வேலை? சாமானோடு சாமானாக இருந்து போவதுதான்.

கார் ஓடாமல் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் அது முக்கிக் கனைத்து, வந்த ஆளுக்கு முன்னால் மானம் கெட்டு நிற்பதை நினைத்தால் அதுவும் தாங்கவில்லை. சாவியை ஒளிக்கலாம் என்று அலுமாரி வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன். நாற்பது வருஷம் என்னை ராணி மாதிரி வைத்திருந்த காருக்கு அப்படிச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

இதற்கிடையில் இவருக்கு வேறு யோசனை. வருகிறவர் காரின் அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்ப்பார், துரு இருக்கிறதா என்று ஊசியால் குத்துவார் என்று மகள் சொல்லியிருந்தாள். அந்தக் கவலையில் இவர் வள்ளத்துறைக்குப் போய் ஒரு தகரம் நிறையச் சுறா எண்ணெய் வாங்கிவந்தார். மர வள்ளம் வைத்திருந்த காலத்தில் நாங்கள் வருஷா வருஷம் அதைத்தான் பூசுவோம். பூசினால் உப்பு ஏறாது, பலகை உளுக்காது.

"வள்ளம் உப்புத் தண்ணிக்குள்ளேயே கிடக்குது, ஒண்டும் ஆகல்ல" என்றார். "இது கரையில நிக்கிற சாமான். இதுக்கு எவ்வளவு நல்லம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கடற்கரையில் பிறந்த யாருக்கும் அது சரியாகத்தான் படும். நான் தகரத்தைப் பிடித்தேன். இவர் தென்னம்பொச்சில் தொட்டுத் தொட்டு அடிப்பக்கம், சில்லுக்கு மேல்பக்கம், கதவின் உள்வயிறு, எஞ்சினைச் சுற்றி என்று ஓரிடம் விடாமல் பூசினார். கண் தெரியாத மனிதர், ஆகையால் சந்தேகத்துக்கு இரண்டு முறை பூசினார். மிச்சம் இருந்ததை வீணாக்காமல் சீட்டுக்குக் கீழேயும் ஊற்றினார்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கேற்றடியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லாஹ், வாப்பா! இது வள்ளம் இல்ல, கார்!"

"ரெண்டும் ஓடுறதுதானே" என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பு மனிதர் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்கள்தான், ஆனால் கொழும்புப் பழக்கம். கண்ணாடி, சப்பாத்து, வாசம். அந்த வாசம் கேற்றுக்குள் வந்ததும் செத்துப்போனது. ஊரில் உள்ள பூனையெல்லாம் எங்கள் காரில்தான் இருந்தது. பொனட்டில், கூரையில், அடியில், கண்ணாடி துடைக்கிற தடியில்கூட ஒரு குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மகள் ஹோஸால் தண்ணீர் அடித்து விரட்டினாள். அவை மதிலில் ஏறி வரிசையாக இருந்து காத்துக்கொண்டிருந்தன.

"ஆன்ட்டி, இது என்ன வாடை?" என்று கேட்டார் அந்த மனிதர்.

என்னை ஆன்ட்டி என்று யாரும் கூப்பிட்டதில்லை. "சுறா" என்றேன்.

"எங்க?"

"எல்லா இடத்திலயும்."

அவர் கெட்டிக்காரர்தான். மூக்கில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு அடியில் படுத்தார். வெளியே வந்தபோது முதுகெல்லாம் எண்ணெய். "இந்தக் கடற்கரையில நிண்ட காருக்குத் துரு இவ்வளவு கொஞ்சமா இருந்து நான் கண்டதில்ல" என்றார். இவர் என் பக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்தினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாம்புரி வரைக்கும் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவானது. அவருடைய தம்பி காருக்குள் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு, தான் சின்னக் காரில் பின்னால் வருவதாகச் சொன்னார். மகள் அவரை ஏற்றிக்கொண்டாள். பெரிய காரில் கொழும்பு மனிதர் ஸ்டியரிங்கில் இருந்தார். பின்சீட்டில் என் வீட்டுக்காரர். நான் என் பக்கத்தில்.

"ஆன்ட்டியும் வாறீங்களா?"

"நான் வராம இது போகாது, தம்பி."

அவர் சிரித்தார். எஞ்சின் முடுக்கினதும் சிரிப்பு நின்றது. எட்டுச் சிலிண்டரும் ஒன்றாகப் பேசினால் அப்படித்தான், மனிதருக்கு வாய் அடைத்துப்போகும். கொஞ்ச தூரம் போவதற்குள் எஞ்சின் சூடேறியது. சூடேறினதும் எண்ணெய் பொரியத் தொடங்கியது. முன்னாலிருந்து ஒரு முழுச் சுறாவைத் தாச்சியில் போட்டதுபோல மணம் வந்தது. கொழும்பு மனிதரின் கண் கலங்கியது. பின்சீட்டில் என் வீட்டுக்காரருக்கோ அது தாய்மடி. இளமைக் காலம் முழுவதும் அந்த வாடைக்குள்ளே படுத்துத் தூங்கிய மனிதர். தலவிலச் சந்தி வருமுன் குறட்டை கேட்டது.

சந்தி தாண்டியதும் எங்களுக்கு முன்னால் பெட்டி பூட்டிய கை ட்ரக்டர் ஒன்று வந்து சேர்ந்தது. பெட்டியில் மலையாக வெங்காயம். அதற்குமேல் ஓர் ஆள் மல்லாந்து படுத்திருந்தார். ட்ரக்டர் நடக்கிற ஆளின் வேகத்தில் போனது. கொழும்பு மனிதர் முந்தப் பார்த்தார். இடதுபக்கம் இருந்து அவருக்கு என்ன தெரியும்? வெங்காயம்தான் தெரியும். மெல்ல வலதுபக்கம் மூக்கை நீட்டினார்.

"இரிங்க!" என்று கத்தினேன்.

ஒரு பஸ் என் முழங்கையை உரசுவது போல உறுமிக்கொண்டு போனது. அவர் சடாரென்று இழுத்துக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில், "இப்ப போகலாமா ஆன்ட்டி?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. ரோடு வெறுமையாகக் கிடந்தது. காகம் ஒன்று நடுவில் நின்று ஆறுதலாகக் கொத்திக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றேன். "இரிங்க."

அவர் இருந்தார். பஸ்ஸைக் கண்ட மனிதர், இனி என் சொல்லைத் தட்டுவாரா? கொஞ்சம் போனதும் மறுபடி கேட்டார். நான் கையை நீட்டி அமர்த்தினேன். "லொறி வருது." ஒரு லொறியும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் போனதும் கேட்டார். "வளைவு" என்றேன். அந்த ரோட்டில் அந்த இடத்தில் பாயை விரித்தது போல நேரான பாதை. எட்டுச் சிலிண்டர் கார், வெங்காயப் பெட்டிக்குப் பின்னால் முனகி முனகிப் போனது. சூடு ஏற ஏறச் சுறாவும் நன்றாகப் பொரிந்தது. வெங்காயத்தின் மேல் படுத்திருந்தவர் எழும்பி உட்கார்ந்து எங்களைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"ஆன்ட்டி, இது இவ்வளவு வேகம்தானா போகும்?" என்று கேட்டார் அந்த மனிதர். முகம் வாடியிருந்தது.

எனக்கு உள்ளே குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச தூரம் இப்படியே கொண்டுபோனால் காரியம் முடிந்தது. காரை எங்கள் வளவிலேயே விட்டுவிட்டு மனிதர் கொழும்புக்குப் போய்விடுவார்.

அப்போது பின்னால் பீப் பீப் என்று ஒரு சத்தம். கோழிக்குஞ்சை மிதித்தது போல. திரும்பிப் பார்த்தால் சின்னக் கார். மகளுக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளைப் பாண் வெளியே எடுத்து, எங்களுக்குப் பக்கத்தால் வந்து, ட்ரக்டரையும் கடந்து போனது. போகும்போது மகள் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். கொழும்பு மனிதரின் தம்பியும் கையைக் காட்டினார். கையைக் காட்டினதோடு விட்டாரா? பல்லையும் காட்டினார்.

நாற்பது வருஷத்தில் எங்கள் காரை ஒன்றும் முந்திப் போனதில்லை. பஸ் போனதில்லை, ஜீப் போனதில்லை. கலியாண ஊர்வலத்தில்கூட மாப்பிள்ளைக் கார் எங்களுக்குப் பின்னால்தான் வரும். இன்றைக்கு ஓர் இறாத்தல் பாண், அதுவும் பீப் என்று சொல்லிவிட்டுப் போகிறது. வெங்காயத்தின் மேல் இருந்தவர் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

என் வாயை நான் பிடித்திருக்கலாம். பிடிக்க முடியவில்லை.

"போங்க!" என்றேன்.

"என்ன ஆன்ட்டி?"

"போங்க எண்டு சொல்றன்! மிதியுங்க! கால் இல்லையா உங்களுக்கு?"

அவர் மிதித்தார். கார் பின்னால் ஒருதரம் குந்தி, பிறகு எழும்பியது. என் முதுகு சீட்டோடு ஒட்டியது. முக்காடு பின்னால் போனது. வெங்காயம் எங்கே, ட்ரக்டர் எங்கே என்று தெரியவில்லை. முன்னால் ஒரு லொறி. அதன் அடியால் பார்த்தேன், சில்லு இல்லை. "போங்க!" லொறி பின்னால் போனது. ஒரு பஸ். "இரிங்க... இரிங்க... இப்ப!" பஸ்ஸும் போனது. ஜன்னலில் இருந்த சனமெல்லாம் எங்களை எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் சின்னக் கார் தெரிந்தது, புள்ளி மாதிரி. "ஹோனை அடியுங்க தம்பி" என்றேன். அவர் அடித்தார். கப்பல் கரைக்கு வருவது போல ஒரு சத்தம். மகள் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டாள். நாங்கள் கடந்தபோது நான் கையைக் காட்டவில்லை. நேரே பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்படி இருப்பதுதான் மரியாதை.

பின்சீட்டில் இவர் விழித்துக்கொண்டார். "என்ன புள்ள, கரை தட்டிட்டுதா?"

மாம்புரியில் ஒரு கடையடியில் நிறுத்தினோம். கொழும்பு மனிதர் இறங்கி, மதகுக் கட்டில் உட்கார்ந்தார். கைலேஞ்சி எங்கேயோ பறந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"உம்மா" என்றார். ஆன்ட்டி போய் உம்மாவாகியிருந்தேன். "உம்மா, இந்தக் காரை நான் ஆருக்கும் விடமாட்டன்."

எனக்கு அப்போதுதான் நான் செய்தது விளங்கியது.

"வாடை போகாது தம்பி" என்றேன். கடைசியாகக் கையில் இருந்தது அதுதான். "எத்தனை வருஷம் போனாலும் போகாது."

"போகாட்டிப் போகட்டும்."

"உங்கட பெண்சாதி ஏறமாட்டா."

"அவ சின்னக் காரில வரட்டும்."

இவர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். சொன்ன சொல் சொன்னதுதான். நன்றாக ஓடினால் கொடுப்பது என்றார், நன்றாக ஓடியது. ஓட வைத்தது நான். ஆனாலும் என்னிடம் கேட்டார். "என்ன புள்ள சொல்றாய்?"

அந்த மனிதரைப் பார்த்தேன். மதகில் இருந்தபடியே காரின் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் எண்ணெய். அதைத் துடைக்கக்கூட இல்லை.

"பொனட்டில மிளகாய் காயப்போடலாம்" என்றேன் அவரிடம். "ஆனா விளிம்பில போடாதீங்க, காத்து எடுத்துட்டுப் போகும்."

இவருக்கு விளங்கிவிட்டது.

அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்து கொழும்பு மனிதர் தம்பியோடு காரை எடுக்க வந்தார். வந்ததும் முதல் கேட்டது என்னைத்தான். "உம்மா, சிலாபம் வரைக்குமாவது வாங்க. தம்பிக்கு உங்கட வேலையைப் பழக்கி விடுங்க. இல்லாட்டி நாங்க கொழும்புக்குப் போய்ச் சேரமாட்டம்."

போனேன். மகள் திருப்பிக் கூட்டிவரச் சின்னக் காரில் வாப்பாவையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். பெரிய காரில் அந்தத் தம்பியை என் இடத்தில் இருத்தி, நான் பின்சீட்டுக்குப் போனேன். அந்தக் காரின் பின்சீட்டில் நான் இருந்தது அன்று மட்டும்தான். அது ஆட்கள் இருக்கிற இடமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முழங்கால் நெஞ்சில் முட்டியது. இவர் அதில் எப்படி நித்திரை கொண்டாரோ.

தம்பிக்கு அவசர புத்தி. மதுரங்குளியில் ஒரு லொறிக்குப் பின்னால், பார்க்காமலே "போங்க நானா" என்றார். நான் தோளில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"எதைப் பாத்து சொன்னீங்க?"

"ரோட்டை, உம்மா."

"ரோட்டில என்ன ஈக்குது? நிழலைப் பாருங்க. லொறிக்குக் கீழால பாருங்க. வாயைத் திறக்க முதல் ஒருக்கா மூச்சு எடுங்க. உங்கட நானாட உசிர் உங்கட வாயில ஈக்குது."

அண்ணன்காரர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சிலாபத்துக்கு வரும்போது தம்பி தேறிவிட்டார். கடைசியாக ஒரு பஸ்ஸுக்கு அவர் "இரிங்க" என்று சொன்ன இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

சிலாபத்தில் இறங்கினேன். கதவைச் சாத்தினேன். அந்தக் கதவைச் சாத்த வேறு யாருக்கும் கை பழகாது, இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளவேண்டும். தம்பிக்கு அதையும் காட்டிக் கொடுத்தேன். கார் கொழும்புப் பக்கம் திரும்பியது. தெருநாய் இரண்டு பின்னால் ஓடின. சத்தம் நெடுநேரம் கேட்டது. சின்னக் கார் என்றால் பக்கத்துத் தெருவுக்குப் போனதும் கேட்காது.

மகள் என்னை முன்னால் இருத்தினாள். "வாப்பா பின்னுக்கு வரட்டும், நீங்க இஞ்ச இரிங்க உம்மா" என்று சொல்லி வாரையும் கட்டிவிட்டாள். நான் மறுக்கவில்லை. ஏசி குளிர்ந்தது. மகள் ரேடியோவை மெல்லமாகப் போட்டாள்.

வழியில் ஒரு பஸ் முன்னால் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. அது நிற்க எங்கள் காரும் செத்தது, அது போக எங்கள் காரும் பிழைத்தது. மகள் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"போகலாமா உம்மா?"

எனக்காகத்தான் கேட்டாள். அவளுக்கு ரோடு நன்றாகத் தெரிகிற பக்கம் அவள் இருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். சாய்ந்து பார்த்தேன். நான் இருந்த பக்கம் இடது பக்கம். அங்கிருந்து பார்த்தால் பஸ்ஸின் பின்பலகையும் ஓரத்து வேலியும்தான் தெரிந்தது. இவ்வளவு வருஷமும் இவர் பார்த்துக்கொண்டு வந்தது இதைத்தான். இதைப் பார்த்துக்கொண்டுதான் நான் "போங்க" என்றதும் மிதித்திருக்கிறார்.

"எனக்குத் தெரியா மகள்" என்றேன். "இந்தப் பக்கத்தில இருந்து ஒண்டும் பாக்க ஏலா. நீயே பாத்துப் போ."

பின்சீட்டில் இவர் சிரித்தார். "தெரியா எண்டு உங்கட உம்மா சொல்லி நான் இண்டைக்குத்தான் கேக்குறன்."

"கண் தெரியாத ஆள் சும்மா இரிங்க" என்றேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். காத்திருந்தாள். எதிரில் ஏதோ போனது. பிறகு விளக்கைப் போட்டு, மெதுவாக வெளியே எடுத்து, பஸ்ஸைக் கடந்தாள். சரியாகத்தான் கடந்தாள். நானாக இருந்தால் அதற்கு முந்திய இடைவெளியிலேயே போகச் சொல்லியிருப்பேன். ஆனால் சரியாகத்தான் கடந்தாள்.